செவுள்

ஒன்பது கோள்களுக்கும் இந்த ஒரே குவாரிதான்.
மழை பெய்தால் நீர்க்கோள்.
மழை நின்றால் பாலைவனக் கோள்.
ப்ளைனாயில் மழை நிற்பதில்லை,
அதனால் பாலைவனம் ஒரே ஒருமுறைதான் வந்தது,
அதுவும் அரை மணி நேரம்.

இருபத்துமூன்று பேர் வந்திருந்தோம்.
சிலேட்டுச் சில்லுகள் காலடியில் நொறுங்க
குடையோடு மேலேறி
வெஸ்க்கின் கலம் இறங்கிய இடத்தில் நின்றோம்.
துக்கம் விசாரிக்க வந்துவிட்டோம்,
யாரிடம் விசாரிப்பது என்று தெரியவில்லை.
ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டோம்.
எப்போது கேள்விப்பட்டாய், எங்கே இருந்தாய்?
பள்ளிப் பேருந்தை ஓரங்கட்டியதைச் சொன்னேன்.
பிள்ளைகள் ஏன் என்று கேட்டதையும்
கண்ணில் தூசி என்று நான் சொன்னதையும்.

செய்தித்தாளில் வந்த படத்தை
நெகிழி உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான் ஓவைன்.
எம்லின் ப்ரோத்தெரோ, எண்பத்தொன்று.
வழுக்கை. சின்னக் காதுகள். முன்பல்லில் ஓர் இடைவெளி.
கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம்.
யாரோ ஒரு மனிதர்.
நாற்பத்தொரு பகுதிகளிலும்
அந்த முகத்தின் மேல் ரப்பர் ஒட்டியிருந்தது,
கழுத்தில் பக்கத்துக்கு மூன்று செவுள்.
இந்த முகம் எதிரே வந்திருந்தால்
வழிவிட்டிருப்போம், அவ்வளவுதான்.
செவுளோடு வந்திருந்தால்
நடுத்தெருவில் அழுதிருப்போம்.

கல் நடக்கூடாது என்றது குவாரிக் கம்பெனி.
பூவும் வேண்டாம், ஆடு மேயும்.

அப்போது ஒருத்தி ஏறி வந்தாள், ஹெலெத் என்று பெயர்.
அவருடைய தோட்டத்துக்கு அடுத்த பாத்தி அவளுடையது.
தொடரை அவள் பார்த்ததே இல்லை.
கைப்பையில் மண்ணோடு லீக்ஸ்.
"அவர் நட்டது. பிடுங்க ஆளில்லை" என்றாள்.

அவளுக்கு நாங்கள் வெஸ்க்கின் வணக்கம் வைத்தோம்:
இரண்டு விரல், காதுக்குக் கீழே,
மேலிருந்து கீழாக ஒருமுறை.
என் கல்யாணத்தில் மோதிரம் மாற்றியதும் செய்தது.
மகனைப் புதைத்த அன்று ஓவைன் செய்தது.
அவள் சிரித்துவிட்டாள்.
"அது பசை. பசை ஒத்துக்கொள்ளாமல் வந்த அரிப்பு.
கடைசிவரை விடவில்லை.
லீக்ஸ் பாத்தியில் நின்றுகொண்டுகூடச் சொறிவார்."

குடைகளில் மழை விழும் சத்தம்.
பிறகு ஓவைன் தன் கழுத்தை,
செவுள் இருக்க வேண்டிய இடத்தில்,
நன்றாக, நகம் பட, சொறிந்துகொண்டான்.

நாற்பத்தொன்றாவது பகுதிக்குப் படம் கிடையாது.
அந்த நாடாவின் மேல் குதிரைப் பந்தயத்தைப் பதிந்துவிட்டார்கள்.
மிஞ்சியது ஒலி மட்டும்.
பத்து வயது இத்வல்
டிவிக்கு முன்னால் மைக்கைப் பிடித்தபடி
மூச்சடக்கி உட்கார்ந்து எடுத்தது.
அறுபதைத் தாண்டிய இத்வல் அந்தக் கேசட்டைப் போட்டான்.
குடை ரெக்கார்டருக்கு. அவன் நனைந்தான்.

கடலில்லாத கோளில் வெஸ்க் சாகிறான்.
"தண்ணீர் எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள்.
என்னை அந்தப் பக்கமாகத் திருப்பி வையுங்கள்."
அந்த இடத்தில்தான், எப்போதும் போல,
சமையலறையிலிருந்து இத்வலின் அம்மா:
"இத்வல், சூப் ஆறுது!"

எல்லோரும் கூடவே சொன்னோம்.
முப்பது வருஷமாகச் சொல்கிறோம்,
எங்களுக்கு அதுவும் வசனம்தான்.
அந்த அம்மா போய்ப் பத்தொன்பது வருஷம்.
இத்வல் மட்டும் எப்போதும் சும்மா இருப்பான்.
இன்று,
"தோ வரேன்" என்றான்.

ஹெலெத் லீக்ஸைப் பிரித்துக் கொடுத்தாள்.
ஆளுக்கு இரண்டு, கடைசியில் நின்ற எனக்கு ஒன்று.

திங்கட்கிழமை பேருந்து முழுக்க அந்த வாசனை.
பிள்ளைகள் கேட்டார்கள்.
ஒரு விண்கல ஓட்டி இருந்தார் என்று ஆரம்பித்தேன்.
அதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிட்டது.